வலதுக்கு ஓர் எழுத்து

1999 பெப்ரவரி 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். அமிர்தகழியிலிருந்து சைக்கிளில் வந்து சேர்வதற்குள் வெள்ளைச் சேலையின் கரையெல்லாம் சேறு. மாற்ற நேரமில்லை. அப்படியே கூட்டத்துக்குப் போனேன்.

தாதியர் பாடசாலைக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. பயிற்சிப் பிள்ளைகளுக்கு மார்புப் பரிசோதனை படிப்பிக்க வேண்டும். முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களை வெள்ளிக்கிழமைக் கிளினிக்கில் அவர்களே தொட்டுப் பார்த்து, கட்டி இருந்தால் தாளில் குறித்து, டொக்டரிடம் அனுப்ப வேண்டும். நாலு வருடமாக நான் கேட்டுக் கேட்டு வாய் நொந்த விஷயம். எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டி உடைந்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள். போன வருடம் ஒன்பது பேர் அப்படி வந்தார்கள். ஒன்பது பேரும் இப்போது இல்லை.

சர்ஜன் டொக்டர் நல்லரத்தினம் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேர்ஸ்மார் கட்டி பாக்க வெளிக்கிட்டா நான் என்ன, காய்ச்சல் பாக்கிறதோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேற்றன் மிஸிஸ் இராசதுரை சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “பூரணி, நாளைக்கு ஒரு பிழை வந்தா டொக்டர்மார் தப்பிருவாங்க. நம்மட புள்ளையள்தான் தொங்குங்கள். எனக்கு இந்த வேல வேணாம்.”

முப்பது வருடச் சேவையில் இந்த மனுஷி கற்றது இதுதான். கையெழுத்துப் போடாதே, தப்பித்துக்கொள். நாசமாய்ப் போக.

பெப்ரவரி 11, வியாழன்

மேற்றன் சம்மதித்துவிட்டார். “எது நடந்தாலும் நான்தான் பொறுப்பு எண்டு எழுதித் தா” என்றார். அன்னப்பூரணி, தாதியர் போதனாசிரியை என்று முழுப் பெயரும் எழுதிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 17, புதன்

முதல் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். பாடம் தொடங்கிய இடத்திலேயே முட்டிக்கொண்டது. புத்தகத்தில் இருக்கிற சொல்லை வாசிக்கச் சொன்னால் ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி மேசைக்குக் கீழே குனிகிறாள். ஊர்ப் பெண்களோ அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. எல்லாம் ‘நெஞ்சு’தான். போன மாதம் ஒருத்தி வெளிநோயாளர் பிரிவில் “நெஞ்சுக்க ஒரு மாதிரி இரிக்கி” என்று சொல்ல, இருதயத்துக்குப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கட்டியோடுதான் வீட்டுக்குப் போனாள்.

“வெக்கப்பட்டுச் சாகிறதெண்டா நீங்க சாகுங்க. அவங்களச் சாக விடாதீங்க” என்று சத்தம் போட்டேன். அதன் பிறகு சரி.

கோதுமை மாவைத் தளரக் குழைத்து, உள்ளே பயறும் கடலையும் ஒளித்துவைத்து, கண்ணைக் கட்டித் தேடச் சொன்னேன். மூன்று விரல், வட்டமாக, அழுத்தாமல். காத்தான்குடிப் பிள்ளை றம்லா நான் ஒளித்துவைத்த எட்டையும் கண்டுபிடித்தாள். ஒன்பதாவதாக ஒன்றையும் தொட்டு, “இது நீங்க போட்டதில்ல மிஸி. மாவுக்க கிடந்த கல்லு” என்றாள். பிரித்துப் பார்த்தோம். கல்தான், கடுகளவு.

இருபத்தைந்து வருடம் வேலை செய்த எனக்கு அந்த விரலைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பொய் எழுதி என்ன பயன்?

பெப்ரவரி 22, திங்கள்

குறிப்புத் தாளை நானே வரைந்தேன். இரண்டு வட்டம், ஒவ்வொன்றும் நாலு பங்கு. ஒன்றின் மேல் ‘இ’, மற்றதன் மேல் ‘வ’. இடது, வலது. கட்டி இருக்கிற பங்கில் ஒரு புள்ளி. குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும்.

மேற்றனுக்கு அதிலும் குறை. “இங்கிலீசில L, R எண்டு போடு. கொழும்புக்குப் போனாலும் விளங்கும்.”

“நம்மட புள்ளையள் தமிழில யோசிக்குங்கள். தமிழிலயே எழுதட்டும்.”

“உனக்கு எல்லாத்துக்கும் ஒரு வீம்பு.”

வீம்புதான். சுற்றறிக்கை வந்தால் சிங்களம். மருந்துப் பட்டியல் இங்கிலீசு. ஆமியின் சோதனைச் சென்றியில் நின்று பெயர் சொல்வதுகூட வேறு பாஷையில். இந்த ஆஸ்பத்திரியில் ஒரேயொரு தாள் என் எழுத்தில் இருந்தால் என்ன குடி முழுகிப் போகும்? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 26, வெள்ளி

ஆச்சிப்பிள்ளை, வயது நாற்பத்து நாலு, பனிச்சங்கேணி. புருஷன் இளையதம்பி வாவியில் மீன் பிடிக்கிறவன். மச்சாளுக்குத் துணையாக வந்து வாங்கிலில் உட்கார்ந்திருந்தவள். “சும்மாதானே இரிக்கீங்க, நீங்களும் வாங்களன்” என்று றம்லா கூட்டிக்கொண்டு போனாள்.

பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டாள். “மிஸி, ரெண்டு பக்கமும் இரிக்கி. இடப் பக்கம் வழுக்கி ஓடுது. வலப் பக்கம்…” நிறுத்திவிட்டாள். நான் தொட்டேன். வலது பக்கத்தில் இருந்தது ஓடவில்லை. இறுகி, ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு இருந்தது. தோல்கூடக் கொஞ்சம் உள்ளே இழுபட்டிருந்தது. கமக்கட்டில், அந்த அக்குள் குழியில், ஒன்றும் தட்டுப்படவில்லை; இன்னும் பரவவில்லை.

ஆச்சிப்பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். “அது பால் கட்டினதுகா மிஸி. கடைசிப் புள்ளைக்குக் குடுக்கக்குள்ள வந்தது.”

“கடைசிப் புள்ளைக்கு என்ன வயசு?”

“பதினொண்டு.”

பால் பதினொரு வருடம் கட்டிக்கிடக்காது. இருந்தாலும் ஒரு பக்கம் மனம் துள்ளியது. உடையவில்லை, மணக்கவில்லை. நேரத்தோடு வந்துவிட்டாள். இவளைக் காப்பாற்றலாம். இதற்காகத்தானே நாலு வருடம் தொண்டை கிழியக் கத்தினேன்?

மார்ச் 4, வியாழன்

டொக்டர் ஊசி குத்தி இரண்டு கட்டியிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். றம்லா அதைக் கண்ணாடித் துண்டுகளில் பூசிக் காயவிட்டாள். கண்ணாடியின் ஓரத்தில் பெயர் எழுத இடம் கிடையாது. கிளினிக் எண்ணும் ஒரு எழுத்தும்தான் கொள்ளும். பென்சிலால் ‘27 வ’, ‘27 இ’ என்று எழுதினாள். டொக்டர் கொழும்பு ஆய்வுகூடத்துக்கான தாளில், இரு பக்கமும் கட்டி, கண்ணாடியைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் கிறுக்கினார்.

“பாத்தீங்களா, உங்கட தமிழும் கொழும்புக்குப் போகுது” என்றார். பகிடிக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 9, செவ்வாய்

போகவில்லை. ஆமி கொழும்புப் பாதையைப் பூட்டிவிட்டது. கண்ணாடிகள் பெட்டியோடு அலுவலகத்தில் கிடக்கின்றன.

மார்ச் 12, வெள்ளி

போய்விட்டன.

மார்ச் 26, வெள்ளி

இங்கே நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்ல நிபுணர் இல்லை. கொழும்புதான் கதி. ஆச்சிப்பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் வருகிறாள். வெள்ளனக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மூன்று சென்றியில் இறங்கி ஏறி, பதினொரு மணிக்கு வந்து வாசலில் நிற்பாள். “றிப்போட் வந்திச்சா மிஸி?” வரவில்லை என்றால் முகம் சுழிப்பதில்லை. “சரி, மறுகா வாறன்” என்று போய்விடுவாள். போன கிழமை அவளுடைய ஊர்ப் பக்கம் ஷெல் விழுந்ததாம். அதைப் பற்றி ஒரு சொல் சொன்னாள். மிச்சமெல்லாம் இறால் விலை.

றம்லா ஒவ்வொரு தரமும் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். இன்று வெளியே வந்து மெல்லச் சொன்னாள்: “வலது பெருக்குது மிஸி.”

ஏப்ரல் 8, வியாழன்

றிப்போட் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சில், கீழே நிபுணரின் கையொப்பத்தோடு. இடது மார்பு, புற்றுநோய். வலது மார்பு, சாதாரணக் கட்டி, பயமில்லை.

வகுப்பில் வாசித்துக் காட்டினேன். றம்லா எழுந்து வந்து தாளை வாங்கித் தானும் வாசித்தாள்.

“மிஸி, இது மாறிப்போச்சு. வலதுதான் கூடாதது.”

“நிபுணர் எழுதியிரிக்கார்.”

“என்ட கைக்குத் தெரியும் மிஸி. ஒவ்வொரு வெள்ளியும் தொட்ட கை.”

“உன்ட கை ரெண்டு மாசத்துக் கை. அவர் வருசக்கணக்கா நுணுக்குக்காட்டியில பாக்கிறவர். தாள் வந்தா விரல் வாய மூடோணும்.”

அவள் விடவில்லை. “அப்ப எங்களுக்கு ஏன் மிஸி இதப் படிப்பிச்ச?”

“இரி போய்!” என்று கத்தினேன். இருபத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றம்லா போய் இருந்தாள். கண் கலங்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

நல்லரத்தினம் என்னிடம் பேசினால் இப்படித்தான் பேசுவார். அதே சொல், அதே தொனி. எங்கேயிருந்து எனக்கு இது வந்தது?

ஏப்ரல் 9, வெள்ளி

ஒப்பரேசன் இருபதாம் திகதி. இடது மார்பை முழுதாக எடுப்பார்கள். றம்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 14, புதன்

வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினேன். கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடினால் அந்தக் கட்டிதான். பயமில்லாத கட்டி அசைய வேண்டும். விரலுக்குக் கீழே ஓட வேண்டும். நானே பலகையில் எழுதிப் படிப்பித்தது. அப்படியானால் வலதில் இருந்தது ஏன் அசையவில்லை? தோல் ஏன் இழுபட்டது?

நிபுணருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? விடு பூரணி.

ஏப்ரல் 18, ஞாயிறு

ஆச்சிப்பிள்ளையை வாட்டில் சேர்த்தாயிற்று. இளையதம்பி வாசல் வாங்கிலில், மடித்த துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான். அவள் என்னைக் கண்டதும் கட்டிலில் எழும்பி இருந்தாள்.

“எந்தப் பக்கம் மிஸி எடுக்கிற?”

“இடது.”

“அது ஓடித் திரியிற பக்கமல்லோ?”

“றிப்போட் அப்பிடித்தான் சொல்லுது.”

“ஓம், றிப்போட் சொன்னாச் சரிதான்” என்று படுத்துக்கொண்டாள். என்னை நம்பித்தான் படுத்தாள். எனக்கு அங்கே நிற்க ஏலாமல் போயிற்று.

ஏப்ரல் 19, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

குறிப்புத் தாள் முடிந்துவிட்டது. வந்தாறுமூலைக் கெம்பஸ் அலுவலகத்தில் வேலை செய்கிற ஸஹீதா ரோணியோவில் பிரதி அடித்துத் தருவதாகச் சொன்னதால் இன்று லீவு போட்டுப் போனேன். முந்நூறு தாள். பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறாவூர் தாண்டி ஒரு சென்றியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கிற கொட்டிலுக்குள் ஒரு பெண் சிப்பாய். இருபது இருபத்தொரு வயதிருக்கும். பையைத் திறந்தாள். தாள் கட்டு. எல்லாத் தாளிலும் இரண்டு வட்டம், நாலு பங்கு, எழுத்து.

“மே மொக்கத?” என்றாள். இது என்ன? குரல் மாறிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற பெண் “என்னகா அது, காம்பிட மப்பா?” என்று கிசுகிசுத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் போனாள். இந்தக் காலத்தில் ஆமி முகாம் வரைபடம் மாதிரி ஒரு தாளோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 

நான் பயிற்சி எடுத்தது கண்டியில். சிங்களம் நன்றாகவே வரும். நான் நேர்ஸ், இது முகாம் இல்லை, இது — என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒரு வட்டத்தின் மேல் விரல் வைத்தாள். பஸ் பலகைகளைப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படிக்கிறாளாம். எழுத்துக்கூட்டினாள். “வ.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷம் முகமெல்லாம். “வம, நேத?”

இடது, அப்படித்தானே?

இல்லை, அது வலது என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறந்தபடியே நின்றது. சிங்களத்தில் வம என்றால் இடது. எனக்குத் தெரிந்த சொல்! பத்தொன்பது வயதில் கண்டி வாட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் சொன்ன சொல்! கண்ணாடியில் றம்லா எழுதிய ‘வ’வைக் கொழும்பில் யாரோ இதே மாதிரி எழுத்துக்கூட்டியிருந்தால்?

பெண் சிப்பாய் தாளையெல்லாம் பக்குவமாகக் கட்டித் தந்தாள். பஸ் கிளம்ப ஐம்பது நிமிடம். மற்ற எல்லாரையும் சோதித்து முடிக்க வேண்டுமே. நான் சாரதியிடம் கெஞ்சினேன், திட்டினேன். “மிஸி, அவங்க விட்டாத்தானே நான் எடுக்கிற” என்றான். அவன் பிழையா?

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. டொக்டர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“டொக்டர், நாளைக்கு ஆச்சிப்பிள்ளைய வெட்டாதீங்க. பக்கம் மாறியிரிக்கும்.”

சொல்லி முடித்தேன். கோப்பையை வைத்தார். “ஒரு எழுத்த நம்பி தியேட்டர நிப்பாட்டச் சொல்றீங்களோ?”

“எழுத்த நம்ப வேணாம். தாளையும் நம்ப வேணாம். ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்க.”

வந்தார். இடது, வலது, திரும்ப வலது. நெடுநேரம். ஆச்சிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மிஸி, ஆள் மாறி ஆள் தடவிக்கிட்டே இரிக்கீங்க? விக்கப்போறீங்களா என்ன?” டொக்டர் சிரிக்கவில்லை. போய்க் கை கழுவினார். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார். “லிஸ்டில இருந்து எடுங்க” என்று மட்டும் சொன்னார்.

ஊசி குத்திய அன்று அவரும்தானே தொட்டவர்? தாள் வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் விரல் மறந்துபோயிற்று. மறக்காதது ஒருத்திக்குத்தான். அவளை நான் இரி போய் என்று கத்தினேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

ஒன்றரை மணிநேரம் முயன்று கொழும்புக்குத் தொலைபேசி கிடைத்தது. கண்ணாடிகளைப் பதிவு செய்கிற பரிசோதகர் பேசினார். சிங்களத்தில் கேட்டேன். அவர் வேண்டுமென்றே தமிழில் பதில் சொன்னார்.

“நான் தமிழ் எழுத்துப் படிச்சது மிஸ். இங்க வேற ஒருத்தருக்கும் தெரியாது. தமிழ் வந்தா எனக்குத்தான் குடுக்கிறது. ‘வ’ சொன்னா வம தானே? அதுக்கு L போட்டது. மத்ததுக்கு R போட்டது.”

நான் விளக்கினேன்.  “அனே மிஸ்… அந்த நோனா?” என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். வெட்டவில்லை என்றேன். பெருமூச்சு எனக்குக் கேட்டது. கண்ணாடியை எடுத்துவந்து திரும்ப வாசித்தார். புற்றுநோய் இருந்தது ‘27 வ’ என்ற கண்ணாடியில்.

ஒரு தமிழ் எழுத்தும் தெரியாத ஆளாக இருந்தால் என்ன இது என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. அவரை என்னவென்று திட்டுவது? திட்டுவதென்றால் கண்டியில் படித்த என்னைத்தான்.

ஏப்ரல் 22, வியாழன்

வலது மார்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ஆச்சிப்பிள்ளை கட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, “சரியான பக்கந்தானே?” என்றாள். ஓம் என்றேன். வெளியே வந்து மருந்து அறைக்குள் நின்று அழுதேன்.

ஏப்ரல் 27, செவ்வாய்

விசாரணை. யார் சொன்னார்களோ, மேலிடம் வரை போய்விட்டது. மேற்றன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கண்ணாடியில எழுதினது அந்தக் காத்தான்குடிப் புள்ளதானே?”

“நான் சொல்லிக் குடுத்தபடி எழுதினா.”

“அத ஆரு கேட்ட? இங்க பாரு பூரணி. ஒரு புள்ளட பிழை எண்டா ஒரு புள்ளையோட போகும். உன்ட தாளிட பிழை எண்டா எல்லாம் போகும். வகுப்பு, கிளினிக், எல்லாம். அவள் கவனமில்லாம எழுதிற்றாள் எண்டு ரெண்டு வரி எழுது. மிச்சத்த நான் பாத்துக்கிறன்.”

இந்த மனுஷியா? வேண்டாம் வேண்டாம் என்று நின்றவர், இப்போது என் வகுப்பைக் காப்பாற்ற வழி சொல்கிறார். அதுவும் நல்ல மனதோடு. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், முகத்துக்கு நேரே இரண்டு பேச்சுப் பேசிவிட்டு வந்திருப்பேன்.

“நாளைக்குச் சொல்றன்” என்று வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேனே. அந்த இடத்திலேயே இல்லை என்று ஏன் வரவில்லை?

ஏப்ரல் 28, புதன்

இந்த இரண்டு மாதத்தில் நூற்றுப் பதினெட்டுப் பெண்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். ஆறு பேருக்குக் கட்டி. ஒருத்தி பிழைத்தாள். இது நின்றால் இனி வரப்போகிறவர்கள்? அவர்களுடைய முகம் எனக்குத் தெரியாது. றம்லாவின் முகம் தெரியும். ஆனால் முகம் தெரியாதவர்கள் சாக மாட்டார்களா என்ன?

அவளுடைய வாப்பா முகைதீன்பாவா ஒருநாள் பாடசாலைக்கு வந்திருந்தார். “பொம்புளப் புள்ளைக்கு ஆஸ்பத்திரி வேல என்னத்துக்கு எண்டு ஊரே கேட்குது. நான் உங்களப் பாத்துத்தான் விட்டுட்டுப் போறன் மிஸி” என்றார். அவளைப் பிழைகாரி என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால் அந்த ஊரிலிருந்து இனி ஒரு பிள்ளை வராது. அதுவும் ஒரு கணக்கு. எந்தக் கணக்குப் போட்டாலும் யாரோ ஒருத்தி விழுகிறாள்.

கடைசியில் கணக்கை விட்டேன். அவள் மாறிப்போச்சு என்று சொன்னாள். நான் கத்தினேன். அவள் தலையிலேயே இதைக் கட்டுவதற்கு என் கையால் ஏலாது. தாள் நான் வரைந்தது, எழுத்து நான் தேர்ந்தெடுத்தது, மேற்றன் தடுத்தும் கேட்காதது நான், பயிற்சித் தாதி பிழையைச் சுட்டிக்காட்டியும் ஏற்காதது நான். நாலு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேற்றன் வாசித்தார். “விசரி, பைத்தியமா உனக்கு?” என்றார். அவருடைய கண் சிவந்திருந்தது.

மே 12, புதன்

உத்தரவு வந்தது. மறு அறிவித்தல் வரை தாதியரோ பயிற்சித் தாதியரோ மார்புப் பரிசோதனை செய்யலாகாது. வைத்தியர் மட்டுமே செய்ய வேண்டும். புதிய பாடம் நிறுத்தம். குறிப்புத் தாள்கள் ஒன்றுவிடாமல் சேகரித்து மேற்றனின் அலுமாரியில் பூட்டப்பட்டன. ஸஹீதா அடித்துத் தந்த முந்நூறும் கட்டுப் பிரிக்காமலே போயிற்று.

றம்லா வந்தாள். “நான் எழுதினதுதானே மிஸி. நீங்க ஏன் உங்கட பேரப் போட்ட?”

“என்ட தாள், என்ட எழுத்து. அண்டைக்கு உன்னக் கத்தினது பிழை. போய் வாட்டப் பாரு.”

அவள் போகவில்லை. “அப்ப இனி ஆரு மிஸி தொட்டுப் பாக்கிற?”

“டொக்டர்.”

“ஆம்புளைக்கிட்டயா? எங்கட ஊர்ப் பொம்புளையள் வருவாங்களா?”



மே 31, திங்கள்

டொக்டர் நல்லரத்தினத்துக்கு மாற்றல். நாளைக்குப் போகிறார். பதிலுக்கு ஆள் இன்னும் போடவில்லையாம். விடைபெற வந்தவர், “உங்கட அந்தப் புள்ள… நல்ல கை” என்றார். இதை விசாரணையில் சொல்லியிருக்கலாமே ஐயா.

ஜூன் 4, வெள்ளி

ஆச்சிப்பிள்ளை வந்தாள். புண் ஆறிவிட்டது. ஒரு பை நிறைய இறால் கருவாடு. சட்டைக்குள் துணி மடித்து வைத்திருப்பதைக் காட்டிச் சிரித்தாள். “இளையதம்பி கேக்கான், ரெண்டு பக்கமும் ஒரே அளவா வைச்சிரிக்கியா எண்டு.” எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து.

“உங்கட கிளினிக்கப் பத்தி ஊர் ஊராச் சொல்லிற்றன் மிஸி. வெக்கப்பட ஒண்டுமில்ல, பொம்புளப் புள்ளையள்தான் பாக்கிற எண்டு. பஸ்ஸிலயும் சொன்னன். வருவாங்க பாருங்களன்.”

நிறுத்திவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லாமலே கருவாட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 11, வெள்ளி

ஐந்து பேர் வந்தார்கள். டொக்டர் இல்லை. திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 18, வெள்ளி

பதினான்கு பேர். வாகரைப் பக்கத்திலிருந்து ஐந்து பேர், மிச்சம் ஏறாவூர், ஓட்டமாவடி. விடியக் கிளம்பி வந்தவர்கள். பதினொரு மணி வரைக்கும் வாங்கிலில் வைத்திருந்தேன், யாராவது டொக்டர் வேறு வாட்டிலிருந்து வரமாட்டாரா என்று. ஒருவரும் வரவில்லை. பதின்மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒருத்தியாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

பதினான்காவது ஆள் போகவில்லை. ஏறாவூர். கைக்குழந்தையோடு வந்திருந்தாள். “எனக்கு டொக்டர் வேணாம் மிஸி. நீங்க பாத்தாப் போதும்.”

“எனக்கு அனுமதி இல்லம்மா.”

“தொடுறதுக்கும் அனுமதி வேணுமா?”

கதவைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். குழந்தையைக் கட்டிலின் ஓரத்தில் கிடத்திவிட்டுக் கையைக் கழுவினேன். மூன்று விரல், வட்டமாக, அழுத்தாமல்.

பிறகு அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு, “என்ன மிஸி?” என்று கேட்டாள். அடுத்த வெள்ளி டொக்டர் வருவார், கட்டாயம் வாங்க என்றேன். வருவாரா என்று எனக்குத் தெரியாது. கொழும்புப் பாதை இன்றும் பூட்டு.

எழுதிவைக்கத் தாள் இல்லை. எழுதினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

உம்மு குல்தூம். வயது முப்பத்தெட்டு. இடது மார்பு, மேல் வெளிப்பக்கம். புளியங்கொட்டை அளவு. கடினம். அசையவில்லை.

கமக்கட்டிலும் ஒன்று.